சாமி தலைக்கு மேலே இருந்த தகடு

சிம்பாங் ரெங்கம்
8.5.2025

லோஷினிக்கு,

உன்னைத் திட்டி ஒரு குரல் செய்தி பதிந்தேன். நான்கு நிமிடம். தடங்கல் இல்லாமல் வந்த நல்ல கோபம். அனுப்பிவிட்டு, நீ கேட்டாயா என்று பார்த்தால், உனக்குப் போகவே இல்லை. கோயில் திருப்பணிக் குழுவுக்குப் போயிருக்கிறது. நூற்றிருபது பேர். அவசரமாக அழித்தேன். என் போனில் மட்டும் அழிந்ததாம், மற்ற நூற்றுப்பத்தொன்பது பேர் போனிலும் பத்திரமாக இருக்கிறதாம். லாரிக்கார லெட்சுமணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டான். எதற்குக் கட்டைவிரல் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கோயில் மேல் புகார் கொடுத்தது யார் என்று கமிட்டி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. என் மகள்தான் என்று என் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டேன். மூன்றாம் படிவத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் கையில் இவ்வளவு பெரிய போன் இருக்கக்கூடாது. அதை அலமாரி மேல் தூக்கி வைத்தாகிவிட்டது. விஜயன் தினமும் ஜொகூர் பாருவுக்கு வேன் ஓட்டுகிறான், கொடுத்தால் உன்னிடம் சேர்த்துவிடுவான். அதனால் இந்தக் கடிதம்.

இனி திட்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்யும் வேலை. அறுபது பேர் வந்தார்கள். பெண்கள் எல்லாருக்கும் சாப்பிட மீகூன் பிரட்டினார்கள். கோயில் முன்மண்டபத்துப் பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையில் முப்பத்தெட்டுத் தகடுகளை மதியத்துக்குள் இறக்கிவிட்டோம். எங்கே போடுவது என்று தலைவர் மணியம் முழித்தார். நான்தான் மைக்கை எடுத்தேன். "சாமி தலைக்கு மேல முப்பத்தஞ்சு வருஷம் இருந்த தகடு, எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கெடைக்காது, கோழிக் கூண்டுக்குப் போட்டா கோழிகூட விபூதி கேக்கும்" என்றேன். சிரிப்பு அடங்கு முன்னே தகடு காலி. பதினொரு வீட்டுக்காரர்கள் பிரசாதம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அரசாங்கப் பாதுகாப்பு இலாகா ஆட்கள் வந்து, சாமியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குடமுழுக்குக்கு ஏழு வாரம்கூட இல்லை. புகார் கொடுத்தது நீ என்று உன் அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அரிசியைப் பார்த்தாள்.

அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அரசாங்கத்திடம் போகக்கூடாதா? நான் என்ன உனக்கு அந்நியனா?

அப்பா


ஜொகூர் பாரு
10.5.2025

அப்பாவுக்கு,

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறீர்கள். மூன்று தடவை சொன்னேன்.

பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன். நீங்கள் அதே மைக்கில், "என் மக பாதுகாப்பு அதிகாரி. மத்தவங்கள வேலை செய்ய விடாம தடுக்கிறதுதான் அதுக்கு வேலை" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. மார்ச் மாதம் போனில் சொன்னேன், உரிமம் உள்ள ஆட்களை வைத்துத்தான் கழற்ற வேண்டும் என்று. "ஆமாம்லா" என்றீர்கள். சனிக்கிழமை மாலை மறுபடியும் எழுதி அனுப்பினேன். "சரிம்மா, சாப்பிட்டியா" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் யாரோ போட்டு, அம்மா எனக்கு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மணியம் மாமா சுத்தியலால் தகட்டை அடித்து உடைக்கிறார். அவர் தலை மாவு மில்லிலிருந்து வந்தவர் தலை மாதிரி இருக்கிறது. அடுத்த படத்தில் அம்மா ஈர்க்குமாற்றால் அந்தத் தூசியைப் பெருக்குகிறார். தண்ணீர்கூடத் தெளிக்காமல். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. அந்தத் தூசியில் உள்ள அஸ்பெஸ்டாஸ் நார், முந்தானையின் இழைக்குள் நுழையும் அளவுக்குச் சன்னமானது அப்பா. கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலுக்குள் போனால் கரையாது, வெளியே வராது, அங்கேயே குத்திக்கொண்டு கிடக்கும்.

உங்களை ஏழு தடவை அழைத்தேன். நீங்கள் மைக்கில் இருந்தீர்கள்.

அதனால் திங்கட்கிழமை காலை இலாகாவுக்குப் போனேன். மறுபடியும் இப்படி நடந்தால் மறுபடியும் போவேன்.

கூரையில் மிச்சம் இருப்பது இருக்கட்டும். உடையாத தகடு யாரையும் ஒன்றும் செய்யாது. அந்த முப்பத்தெட்டும் இப்போது எங்கே? யார் வீட்டில் எத்தனை? அறுப்பதற்கு முன், துளை போடுவதற்கு முன், எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
13.5.2025

லோஷினிக்கு,

நீ எழுதியதைப் படித்து உன் அம்மா இரண்டு நாள் துடைப்பத்தைத் தொடவில்லை. வீடு குப்பை. அதற்கும் நான்தான் காரணமாம்.

சரி, படித்த பிள்ளை சொல்கிறதே என்று, நான், அம்மா, மணியம், இன்னும் நான்கு பேர் கிளினிக்குக்குப் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். மூச்சை இழுத்துப் பிடி என்றாள் அந்தப் பெண். பிடித்தேன். விடு என்று சொல்ல மறந்துவிட்டாள். அரசாங்கம் சொன்னால் விடலாம் என்று நானும் பிடித்துக்கொண்டே நின்றேன். ஏழு பேருக்கும் சுத்தம். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். என்னுடையதை ஒரு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மேலதிகாரியிடம் காட்டு.

இப்போது என் நிலைமையைக் கேள். மணியம் மைக்கைப் பூட்டி வைத்துவிட்டார். "உங்க வீட்ல ஒருத்தர் பேசுனதே போதும் ஐயாசாமி" என்றார். யஹ்யா கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசை எழுந்து போகிறது. யஹ்யா மட்டும் தே தாரிக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க புள்ள நல்லதுதானேண்ணே செஞ்சிருக்கு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "உங்க மகளா இருந்தா தெரியும்" என்று எழுந்து வந்துவிட்டேன். பாதித் தேத்தண்ணியை விட்டுவிட்டு வந்தது நடுச்சாலையில்தான் ஞாபகம் வந்தது.

பட்டியல் கேட்கிறாய். எதற்கு? அந்தப் பதினொரு வீட்டு மேலும் புகார் கொடுக்கவா? ஆசையாக வாங்கிப் போன ஜனங்கள். காட்டிக்கொடுக்க என்னால் முடியாது.

அப்பா


ஜொகூர் பாரு
15.5.2025

அப்பாவுக்கு,

எக்ஸ்ரேயை என் மேலதிகாரியிடம் காட்டவில்லை. அதில் ஒன்றும் இல்லை. ஒன்பது நாளில் எதுவும் இருக்கவும் முடியாது. நேற்று நட்ட தென்னங்கன்றில் இன்று இளநீர் தேடுவது மாதிரி. இந்தத் தூசியால் வரும் நோய் தெரிவதற்கு இருபது வருடம் ஆகும், முப்பது ஆகும், நாற்பதும் ஆகும். அதுவரை எல்லா எக்ஸ்ரேயும் சுத்தமாகத்தான் இருக்கும்.

போன வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். அறுபத்தாறு வயது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், மகன் பின்னால் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தான். இருபது வயதில் இரண்டு வருடம் தகடு அறுக்கும் பட்டறையில் வேலை செய்தாராம். அந்தப் பட்டறை இப்போது இல்லை. முதலாளியும் இல்லை. அங்கே வேலை செய்ததற்கு யாராவது எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். "அப்போ ஒன்னும் பண்ணலையேம்மா, நல்லாத்தானே இருந்தேன்" என்று என்னிடம் சொன்னார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் தடுக்கிற வேலை இதுதான் அப்பா. மைக்கில் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. பயமுறுத்துவது என் நோக்கமும் இல்லை. ஒரு நாள் தூசிக்கு ஆபத்து குறைவுதான், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோழி கொத்தும் கூண்டிலும், துணி துவைக்கும் இடத்திலும் வருடக்கணக்கில் உடைந்து பொடிந்து கொண்டே இருக்கும் தகடு ஒரு நாள் தூசி இல்லை. நாளைக்கு ஒருவன் அதில் அறுக்கும் கிரைண்டரை வைத்தால், அந்த வீட்டில் உள்ள எல்லாரும் அன்று அதைச் சுவாசிப்பார்கள்.

காட்டிக்கொடுப்பது என்கிறீர்கள். வாங்கிப் போனவர்கள் மேல் என்ன புகார் இருக்கிறது? அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குப் பயம். பட்டியலை அனுப்புங்கள். எடுத்துப் போக உரிமம் உள்ளவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது.

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
18.5.2025

லோஷினி,

இந்தக் கடிதத்தில் உன் மேல் கோபம் கொஞ்சம்தான். மிச்சத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த அறுபத்தாறு வயதுக்காரரை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அறுபத்து மூன்று. வெள்ளிக்கிழமை கோயில் அலுவலகத்துக்குப் போய், ஒரே ஒரு அறிவிப்பு செய்ய வேண்டும், மைக்கைக் கொடுங்கள் என்று கேட்டேன். மணியம் சாவியைத் தேடப் போனார். மேசை மேல் திருப்பணிக் கோப்பு இருந்தது. சும்மா புரட்டினேன். பிப்ரவரி மாதமே ஒரு குத்தகையாளர் எழுதிய கடிதம். மலாய் எனக்கு நன்றாகவே வரும். இது அஸ்பெஸ்டாஸ், நாங்கள்தான் கழற்ற வேண்டும், மூடிக் கட்டி நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் மணியம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "பழைய சிமெண்டு தகடு, நாமளே எறக்கிடலாம்" என்றுதான் சொன்னார்.

"என்ன தலைவரே இது?" என்றேன்.

"அந்த ஆளுக்கு வேலை வேணும், அதுக்கு ஒரு லெட்டரு" என்றார்.

"தெரிஞ்சேதான் அறுபது பேரக் கூப்பிட்டீங்களா?"

"கூரைய எறக்க கூப்பிட்டேன். ஊருக்கு வாரிக் குடுக்கச் சொன்னேனா? மைக்ல கூவுனது யாரு? கோழி விபூதி கேக்கும்னது யாரு?"

நான் கோயிலுக்குள் கத்தியது அறுபத்து மூன்று வருடத்தில் அன்றுதான். மேசையில் இருந்த ரசீதுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் படவில்லை, மின்விசிறியில் பட்டது. எதையும் சரியாகச் செய்ய எனக்கு வராது. மைக் கிடைக்கவில்லை.

அதனால் நானே களத்தில் இறங்கிவிட்டேன். நேற்று லெட்சுமணன் லாரியை எடுத்துக்கொண்டு நான்கு வீட்டுக்குப் போய் ஒன்பது தகட்டை மீட்டு வந்தேன். நம் வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு நீளமாக இருந்தன, லாரியில் கொள்ளவில்லை, காலால் மிதித்து உடைத்தோம். இனி நீயே சொல், உன் அப்பன் ஒன்றுக்கும் உதவாதவனா?

அப்பா


ஜொகூர் பாரு
20.5.2025

அப்பா,

விஜயன் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். மிதித்து உடைத்தோம் என்ற இடத்துக்கு வந்ததும் உறையைக் குப்பைத்தொட்டிக்கு மேல் பிடித்து உதறினேன். தாளையும் உதறினேன். பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அப்பா எழுதிய கடிதத்தை உதறுகிறேன். உதறவும் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவள் நான்.

தொடாதீர்கள் என்றுதானே எழுதினேன்? அந்த ஒரு வரி தமிழில்தானே இருந்தது? அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போனீர்களா? அம்மா அதை உதறித் துவைத்தாரா? உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இல்லை, வேலைதான் இருக்கிறது. அதனால் வேலையைச் சொல்கிறேன்.

அந்தச் சட்டையையும் லெட்சுமணன் மாமா சட்டையையும் நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். துவைக்க வேண்டாம். பின்னால் உள்ள ஒன்பதையும் நகர்த்தாமல் தண்ணீர் தெளித்து, கனமான பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். லாரியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. விஜயன் அண்ணனிடம் முகக்கவசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இரண்டு பக்கமும் தூசி வடிகட்டும் உருளை வைத்தது. கோவிட் காலத்து நீல முகமூடி இதற்கு உதவாது. மீசையைக் குறைத்தால்தான் அது சரியாக ஒட்டும். உங்களுக்கு மீசை முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

இலாகாவும் குத்தகையாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமை ஆட்கள் வந்து வீடு வீடாகக் கட்டி எடுத்துப் போவார்கள். கோயில் கமிட்டியும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டது. முகவரி மட்டும் வேண்டும்.

மணியம் மாமா மேல் கோபப்படுங்கள். எனக்கும் கோபம்தான், அந்தக் கடிதத்தை எழுதிய குத்தகையாளரையே அதன் பிரதியை இலாகாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. உங்கள் குரலைக் கேட்டுத்தான் ஜனங்கள் தூக்கிப் போனார்கள். உங்கள் குரல் சொன்னால்தான் திருப்பிக் கொடுப்பார்கள். என் குரலுக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள், பொங்கலன்று.

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
26.5.2025

லோஷினிம்மா,

மீசையை எடுத்துவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, யாரோ வீடு மாறி வந்துவிட்டார் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். பதினேழு நாளில் அவள் சிரித்தது அதற்குத்தான்.

மைக் கிடைக்கவில்லை. பழைய பேப்பர் வாங்க வரும் ஆ கியோங்கைப் பிடித்தேன். அவன் லாரியில் ஒலிபெருக்கி இருக்கிறதே. வியாழன், வெள்ளி இரண்டு நாள் மாலையும் தாமான் குடியிருப்பு முழுக்கச் சுற்றினோம். "கோயில் கூரைத் தகடு வாங்கினவங்க கவனிங்க. நான் ஐயாசாமி பேசுறேன். அது நல்ல தகடு இல்ல. தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. அறுக்காதீங்க, ஓட்ட போடாதீங்க, தொடாதீங்க. என் மக முன்னாடியே சொல்லிச்சு, நான் கேக்கல. அத வச்சு சிரிச்சேன். தப்பு என்னுது" என்று சொல்லிக்கொண்டே போனேன். முதல் தெருவில் எல்லாரும் பழைய பேப்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆ கியோங்குக்கு நல்ல வியாபாரம்.

திட்டும் வாங்கினேன். தகடு வாங்கிய மகேஸ்வரன் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே பேசினான். "சாமி பேரச் சொல்லி வெசத்தக் குடுத்தியேய்யா" என்றான். இன்னொரு வீட்டில் சாமி அறைக்குக் கூரையாகப் போட்டு, அதற்குக் கீழே தினமும் விளக்கேற்றியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மணியம் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். லாரியை நிறுத்தினேன். "எங்கிட்ட ரெண்டு இருக்கு, எழுதிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எழுதிக்கொண்டேன், அன்றிரவே பட்டியலை விஜயனிடம் உனக்குக் கொடுத்தனுப்பினேன். அந்தக் குத்தகையாளர் கடிதத்தின் பிரதி இலாகாவுக்குப் போய்விட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொள்ளட்டும். கோபம் இன்னும் தீரவில்லை.

சனிக்கிழமை உன் ஆட்கள் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. நிலாவில் இறங்கியவர்கள் மாதிரி ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்குப் பயமே வந்தது. நான் இரண்டு நாள் லாரியில் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு வெள்ளை உடுப்பு ஐந்து நிமிடத்தில் புரிய வைத்துவிட்டது. முப்பத்தேழு கிடைத்தது, உடைந்தவற்றையும் சேர்த்து.

முப்பத்தெட்டாவது, என் பட்டியலில் விட்டுப்போன யுகேந்திரன் வீட்டில். ரயில் பாதைப் பக்கம் கடைசி வீடு. லாரிச் சத்தம் அங்கே கேட்டிருக்காது. நேற்று நடந்தே போனேன். குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்துக்கு நிழல் வேண்டும் என்று கிரைண்டர் வைத்து இரண்டாக அறுத்திருக்கிறான். கூரை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் போய், அன்று மாலையே. நீ இலாகாவுக்குப் போகும் முன்பே. அறுக்கும்போது அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்திருக்கிறாள். எட்டு மாதக் குழந்தை. அப்போது அதன் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டதாம், பவுடர் பூசிய மாதிரி இருந்தது என்று போனில் படம்கூட எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள்.

நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது, அந்தத் துணிகளைக் கட்டி வை, இன்றைக்கே ஆட்களை வரச் சொல்கிறேன் என்று. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல மாமா?"

"ஒரு நாள் தூசிதானேம்மா. பெரும்பாலும் ஒன்னும் ஆகாது" என்றேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை.

"பெரும்பாலும்னா மாமா?"

குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வருகிறேன்மா என்று வந்துவிட்டேன்.

அவளிடம் சொல்லாததை, அவளுக்கே சொல்வது போல உனக்கு எழுதுகிறேன். இந்தப் பிள்ளைக்கு முப்பது, நாற்பது வயது ஆகும்போதுதான் தெரியும் தாயி. அன்றைக்கு நீ கோபத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தால், திட்டு வாங்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

அப்பா